பனிப்பாதையில் கேட்ட ‘வாரேன்’

டூர் மேனேஜர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவத்தில் கண்டதை ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். டிக்கெட், ஓட்டல், சமையல்காரர் சண்டை, ஜன்னல் சீட்டுத் தகராறு எல்லாம் ஒரு சீசனில் உங்களுக்கே படிந்துவிடும். அதற்கு நான் வேண்டியதில்லை. காரைக்குடி ஆட்களைக் கூட்டிக்கொண்டு காசி, கயா, பத்ரி என்று அலைந்தே தலை நரைத்தவன் நான். வீரக்கதைகள் கைவசம் நிறைய உண்டு. அவற்றை டீக்கடையில் சொல்கிறேன். இங்கே எழுதப்போவது, நினைத்தால் இப்போதும் என்னைத் தலைகுனிய வைக்கும் ஒரு காரியம்.

முதலில் பனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் இறங்குவது. ஒரு துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. அதனால் இமயமலைக்குக் கிளம்பும்போதும் நம் ஆட்கள் தலைக்குத்தான் எல்லா ஏற்பாடும் செய்வார்கள். குரங்குக் குல்லா, அதற்கு மேல் மப்ளர், அதற்கும் மேல் ஆச்சியின் சால்வை. குனிந்து காலைப் பார்த்தால், திருப்பத்தூரில் வாங்கிய வழவழப்பான அடிப்பாகம் கொண்ட கேன்வாஸ் ஷூ. மலையில் ஆபத்து தலைக்கு மேலே இல்லை, பாதத்துக்கு அடியில் இருக்கிறது என்பதை நான் எத்தனையோ பஸ்களில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் தலையாட்டிவிட்டு முறுக்கை எடுத்துக் கடிப்பார்கள்.

வெள்ளையாகப் பொதபொதவென்று கிடக்கும் பனியைக் கண்டு அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். கால் புதையும், ஆனால் நிற்கும். வெயிலில் கொஞ்சம் உருகி, நிழல் விழுந்ததும் மறுபடி உறைந்து, கல்லோடு கல்லாகப் படிந்திருக்குமே, அதுதான் எமன். கண்ணாடிப் பனி என்போம். வெயிலில் வெறும் ஈரக் கல்லாகத் தெரிந்த படி, வெயில் நகர்ந்ததும் கண்ணாடியாகிவிடும். ஏறும்போது எப்படியோ தப்பித்துப் போய்விடுவீர்கள். இறங்கும்போதுதான் காலை வாரிவிடும்.

உத்தரகண்டில் குளிர்காலம் வந்தால் மேலே உள்ள கோயில்களைச் சாத்திவிட்டு, சாமியைக் கீழே ஊருக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். அந்தக் கீழ்க்கோயில்களைக் கும்பிட்டு வருவதுதான் நம் குளிர்கால டூர். நான் சொல்லும் தடவை வந்தவர்கள் எல்லாரும் காரைக்குடி, கோவிலூர்ப் பக்கத்துக்காரர்கள். ஒருவருக்கு ஒருவர் ஏதோ ஒரு வழியில் உறவு. பஸ்ஸில் சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் வாயைத் திறந்து கொட்டாவிகூட விடமாட்டார்கள். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாமி தரிசனம் முடிந்து சோப்தா என்ற மலையூரில் தங்கியிருந்தோம். அங்கிருந்து துங்கநாதர் கோயிலுக்குக் கல் பாவிய பாதை ஒன்று மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. கோயில் சாத்தியிருந்தது. நம் திட்டத்திலும் அது இல்லை. ஆனால் ஹார்டுவேர் கடை வைத்திருந்த வயிரவன் அண்ணன் விடவில்லை. அறுபதைத் தாண்டியவர், கலகலப்பான மனிதர்.

“கதவு சாத்தியிருந்தா என்ன தம்பி? கோபுரத்தைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருவோம். இம்புட்டுத் தூரம் வந்துட்டு அடிவாரத்துல உக்காந்து கணப்புல கை காயவச்சேன்னு ஊர்ல போயிச் சொல்லவா?”

அவர் மனைவி சிகப்பி ஆச்சிக்கு முழங்கால் வலி. “நீங்க போயிட்டு வாங்க. எனக்கு இந்தக் கணப்பே கைலாசம்” என்று லாட்ஜிலேயே இருந்துகொண்டார்.

உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்தினேன். ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டைகளை வாடகைக்கு எடுத்து எல்லாருக்கும் மாட்டிவிட்டேன். அதுவரை எல்லாம் ஒழுங்குதான். என்னை இந்தத் தொழிலில் பழக்கிய சீனியர் ஒருவர், மலைப்பாதையில் மேனேஜருக்கு இடம் கடைசி ஆளுக்குப் பின்னால் என்பார். முன்னால் வழிகாட்டி போவார், நீ வாலைப் பிடித்துக்கொண்டு வா என்பார். அன்றைக்கு நான் வாலைப் பிடிக்கவில்லை. நடுவில் நடந்து, கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவைக்கு மேல் ஜாக்கெட் மாட்டிய ஆச்சிமார் வெள்ளை மலைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நம் அலுவலகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டால் அடுத்த டூர் ஒரே நாளில் நிறைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

பாதி வழியில் பூட்டிக் கிடந்த ஒரு டீக்கடை. அதன் முன்னால் கொஞ்சம் சமதரை. அங்கே நின்றோம். ஒரு ஆச்சியின் முள் பட்டை கழன்றுவிட்டது. நான் மண்டி போட்டு அந்த ரப்பரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது முதுகுக்குப் பின்னால் வயிரவன் அண்ணன் குரல் கேட்டது.

“அப்ப நான் வாரேன் தம்பி.”

நான் தலையைத் தூக்கவில்லை. “வாங்கண்ணே, மெல்ல வாங்க” என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். வேறு ஊர்க்காரன் இதில் ஏமாந்திருந்தால் பாவம், பழக்கம் தெரியாதவன் என்று விட்டுவிடலாம். நான் காரைக்குடியில் பிறந்து வளர்ந்தவன். எங்களுடையது கிறிஸ்தவ வீடு. ஆனால் எங்கள் வீட்டிலும் யாரும் ‘போறேன்’ என்று சொல்லி வாசல்படி தாண்டியது கிடையாது. பாதிரியாராகப் படிக்கச் செமினரிக்குப் புறப்பட்ட என் அண்ணன்கூட ‘வாரேம்மா’ என்றுதான் சொன்னான். வாரேன் என்றால் போகிறேன் என்று அர்த்தம். வாங்க என்றால் போங்கள் என்று அர்த்தம். வயிரவன் அண்ணன் என்னிடம் விடைபெற்றார். நானும் வாயார விடைகொடுத்தேன். பின்னாலேயே நடந்து வருகிறேன் என்கிறார் என்று நினைத்துக்கொண்டு விடைகொடுத்தேன்.

அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது, பக்கவாட்டில் பள்ளத்தைப் பார்த்துத் தலை சுற்றியிருக்கிறது. போவோம் என்று எல்லாரையும் கிளப்பியவரே அவர்தான் என்பதால், சம்பந்தி வீட்டார் காதுபட ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் மரியாதையாக ஒரு வாரேன் சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கிவிட்டார். அவர் இறங்கியதைக் கோவிலூர் ஆச்சி ஒருவர் பார்த்திருக்கிறார். கிளம்புகிறவரை எங்குட்டுப் போறீக என்று கேட்கக் கூடாது என்பதும் நம் பழக்கம்தானே. அவரும் கேட்கவில்லை.

கோயில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு மேட்டில் நின்று எண்ணிப் பார்த்தேன். ஒருவர் குறைந்தார். மறுபடி எண்ணினேன். அந்த நிமிஷமே டீக்கடை முன்னால் கேட்ட வார்த்தை நினைவுக்கு வந்து, அதன் அர்த்தமும் புரிந்துவிட்டது. அப்போது என் மனதில் முதலில் வந்தது எது என்று உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு என்ன ஆச்சோ என்று வரவில்லை. ஆளைத் தொலைத்துவிட்டான் என்று காரைக்குடியில் பேசுவார்களே என்றுதான் வந்தது.

சரியாக அந்த நேரத்தில் கீழேயிருந்து புனேக்காரர் குழு ஒன்று ஏறி வந்தது. அதைக் கூட்டி வந்தவன் ஒரு இளைஞன். முந்தின நாள் சோப்தாவில் டீக்கடையில் என்னிடம், ‘நீங்கள் எத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள்?’ என்று மரியாதையாகக் கேட்டிருந்தான். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்லியிருந்தேன். அவன் வந்த பாதையில்தான் வயிரவன் அண்ணன் இறங்கியிருக்கிறார். அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எங்கள் ஆள் ஒருவரைப் பார்த்தாயா என்று. என் வாயில் வந்தது வேறு.

“கீழே பாதை எப்படி இருக்கிறது?” என்று இந்தியில் கேட்டேன்.

“நிழல் விழுந்த இடமெல்லாம் கண்ணாடி சார். நாங்களும் இதற்கு மேல் போகப்போவதில்லை. நீங்களும் சீக்கிரம் இறங்கிவிடுங்கள்” என்றான்.

நான் பெரிய மனிதன்போல் தலையாட்டினேன். பொடியனிடம் போய் ஆளைக் காணோம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்து என் குழுவிடம் போனேன். எல்லாரையும் கூட்டிக்கொண்டு உடனே இறங்குவது என்று முடிவெடுத்தேன். அது சரியான முடிவு, இன்றைக்கும் அதையே எடுப்பேன். ஒருவரைத் தேடுவதற்காக மற்றவர்களைப் பனியில் விட்டுவிட்டு ஓடக் கூடாது. ஆனால் அந்தச் சரியான முடிவுக்கு ஒரு பொய்க் காரணம் சொன்னேன்.

“மேகம் கூடுது. எறங்கிருவோம்” என்றேன்.

வானம் கழுவித் துடைத்தது மாதிரி இருந்தது. “கோபுரம் அந்தா தெரியுதே. எட்டி ஒரு நட நடந்தாப் போயிரலாமே” என்று முணுமுணுத்தார்கள். ஒருவர், “வயிரவன் எங்க?” என்று கேட்டார்.

“அவரு அப்பவே லாட்ஜுக்கு எறங்கிட்டாரு” என்றேன், பார்த்து அனுப்பி வைத்தவன் மாதிரி.

அப்படித்தான் இருக்கும் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். வழிகாட்டியிடமும் அதையே சொன்னேன். இறங்கும்போது வழுக்கும் இடங்களில் கௌரவம் பார்க்காமல் உட்கார்ந்து சறுக்கி வாருங்கள் என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். உட்கார்ந்த ஆச்சிமார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். இரும்புக் கம்பி கட்டிய ஒரு வளைவு வந்தது. வெயில் போய்விட்ட இடம், பாதை முழுக்கக் கண்ணாடி. அங்கேதான் சிரிப்பு அதிகம். ஒருவர் பின் ஒருவராகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சறுக்கிக் கடந்தோம். நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். ஆனால் யாருக்கும் தெரியாமல் பார்க்கிறவன் எவ்வளவு பார்த்துவிட முடியும்? எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லியிருந்தால் அத்தனை கண்களும் தேடியிருக்கும். நான் என் ஒரு ஜோடிக் கண்ணை வைத்துக்கொண்டு, அதையும் திருட்டுத்தனமாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.

லாட்ஜ் வாசலில் சிகப்பி ஆச்சி நின்றிருந்தார். உள்ளே வருகிற ஒவ்வொருவரின் முதுகுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். கடைசியாக நான் வந்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

“அவுக எங்க?”

“ஆச்சி, அண்ணன் முன்னாடியே எறங்கி வந்துட்டாருன்னு நெனச்சேன்.”

“நெனச்சீகளா?” என்றார். குரல் உயரவில்லை. “எந்த எடத்துல விட்டீக?”

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. காலில் வெறும் சாக்ஸோடு ரோட்டில் இறங்கினார். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. “எங்க வீட்டய்யாவக் காணோம். மலையில விட்டுட்டு வந்துட்டாக. யாராச்சும் பாத்தீகளா?” என்று தமிழிலேயே சத்தம் போட்டார். குல்லாவைக் காட்டத் தலையைத் தடவினார். மூக்குக் கண்ணாடியைக் காட்ட விரல்களை வளைத்துக் கண்ணில் வைத்தார். முட்டி வலியோடு கடைகடையாக ஏறி இறங்கினார். டிரைவர்கள் வந்தார்கள், கோவேறு கழுதைக்காரர்கள் வந்தார்கள், எங்களுக்குப் பின்னாலேயே இறங்கியிருந்த அந்தப் புனே இளைஞனும் வந்தான். அவனுக்கு அந்தக் கையசைவே போதுமாக இருந்தது.

“காப்பிக் கலர் குல்லா, கண்ணாடி போட்டவரா? நாங்கள் ஏறும்போது கம்பி கட்டிய வளைவில் உட்கார்ந்திருந்தார். யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்தேன். திரும்பும்போது அங்கே ஆள் இல்லை” என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். “உங்கள் ஆளா சார்? மேலே என்னிடம் பேசினீர்களே, அப்போது கேட்டிருக்கலாமே.”

இந்தி தெரிந்தவர்கள் எங்கள் குழுவில் சிலர் உண்டு. தெரியாதவர்களுக்கும் என் முகத்தைப் பார்த்தே புரிந்திருக்கும். தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

கயிறோடு சிலர் ஏறினார்கள். நானும் போனேன். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அந்த வளைவுக்குக் கீழே, சரிவில், ஒரு குட்டை மரத்தில் இடுப்பு மாட்டிக் கிடந்தார். பாதையிலிருந்து ரொம்பத் தூரமில்லை. கூரை விளிம்பு மாதிரி பாறை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்ததால் மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு ஷூ எங்கோ போயிருந்தது. சாக்ஸ் உறைந்து விறைத்திருந்தது. இரும்பு முள் பட்டைகள் இரண்டும் ஜாக்கெட் பையில் பத்திரமாக இருந்தன. இறங்குவதுதானே என்று கழற்றி வைத்திருக்கிறார். உயிர் இருந்தது. உதடு ஒட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

பிழைத்தார். கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. ஷூ போன காலில் பெருவிரலையும் அடுத்ததையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் பேசத் தொடங்கிய பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு இறங்கியது எனக்குக் கேட்டது என்றார்.

“கேட்டுச்சா? ஏண்ணே ஒரு சத்தம் குடுக்கல?”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “பேண்டெல்லாம் நனைஞ்சு போச்சு தம்பி, பயத்துல. சம்பந்தி வீட்டுப் பொம்பளைக வேற வந்துக்கிட்டிருந்தாக.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மனிதாபிமானம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. பாதிக் குற்றம் என்னுடையது, மீதி அவருடைய வெட்கத்துடையது என்று அங்கேயே பங்கு பிரித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் மைக்கைப் பிடிக்கும்போதெல்லாம் பெயர் சொல்லாமல் அவரைத்தான் உதாரணம் காட்டுவேன். மலையில் வெட்கப்படாதீர்கள், முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள், விழுந்தால் கத்துங்கள் என்பேன். நல்ல அறிவுரைதான். நீங்களும் சொல்லுங்கள். வாரேன் என்று யாராவது சொன்னால், செய்கிற வேலையை விட்டுவிட்டு எழுந்து அவர் முகத்தைப் பார்த்து, ‘மேலயா, கீழயா?’ என்று கேளுங்கள். அபசகுனம் என்று முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும். நான் அந்த அறிவுரையில் ஒளிந்துகொண்டேன் என்பதுதான் விஷயம்.

ஊரில் எனக்குக் கெட்ட பெயர் பெரிதாக வரவில்லை. பனியில் விழுந்தவரை மேனேஜர் ஏறிப்போய்த் தூக்கி வந்தார் என்று கதை எப்படியோ மாறிவிட்டது. நானும் மறுக்கவில்லை. ஆனால் வயிரவன் அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு வருவதைத் தூரத்தில் பார்த்தால் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகும் அதே வழக்கம்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், செக்காலை ரோட்டில் எதிர்ச் சாரியில் அவர் நின்றிருந்தார். மழை விட்டு ரோடு வழுவழுவென்று கிடந்தது. நான் வழக்கம்போல் ஒரு மெடிக்கல் ஷாப்பை ஒட்டிய சந்துக்குள் திரும்பினேன்.

“ஆரோக்கியம் தம்பி.”

கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி என் பெயரைச் சொல்லி ஒரு சத்தம். “அங்குட்டு எங்க ஒளியிறீக? இங்குட்டு வாங்க.”

போனேன். எங்க போறீக, எப்படி இருக்கீக என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டார். “இந்த ஈரத்துல காலு பிடிக்க மாட்டேங்குது. அந்தப் பக்கம் கடத்தி விடுங்க” என்றார். பஸ்ஸையும் ஆட்டோவையும் நிறுத்தி, இருவரும் அடிமேல் அடி வைத்துக் கடந்தோம். சும்மா இருக்க முடியாமல், கொஞ்சம் வேடிக்கையாகவும்தான், அவரிடம் சொன்னேன்.

“அண்ணே, இப்பப் போட்ட சத்தத்தை அன்னைக்குப் போட்டிருக்கலாமே.”

அவர் சிரிக்கவில்லை. தோளிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்.

“போட்டிருக்கலாம். பேண்டு நனைஞ்சது மட்டும் இல்ல தம்பி. எல்லாரும் சிரிச்சுக்கிட்டுப் போறீக. யாரும் என்னையத் தேடல. தேடாதவுகள எப்படிக் கூப்பிடுறதுன்னு இருந்துச்சு. வயிரவான்னு ஒருத்தர் கூப்பிட்டிருந்தா, எந்த நெலமையில கெடந்தாலும் இந்தா இருக்கேன்னு சொல்லியிருப்பேன்.”

சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக் கடைப்பக்கம் நடந்தார். நான் அங்கேயே நின்றேன். அன்றைக்கு அந்த வளைவில் இறங்கியவர்களில் யாரும் அவரைக் கூப்பிட்டிருக்க முடியாது. அவரைக் காணோம் என்பது என் ஒருவனுக்குத்தான் தெரியும்.